சாக்கடையை அடைத்த கடல்

1. அடைப்பு

ஒரு திங்கட்கிழமை காலையில் எங்கள் லேப் சிங்க்கில் விட்ட தண்ணீர் கீழே இறங்க மாட்டேன் என்று நின்றுவிட்டது. கம்பியை விட்டுக் குத்தினேன். ‘கொடக்’ என்று ஒரு சத்தம் வந்தது. என்னைத் திட்டுகிற மாதிரி இருந்தது. அதற்கு மேல் நகரவில்லை.

நான் வேலை பார்த்தது மதுரையில் ஒரு கல்லூரியின் ஜியாலஜி துறையில். கல்லும் மண்ணும்தான் அங்கே பாடம். நான் லேப் அட்டெண்டர். பெயர் காதர் மைதீன் என்றாலும் வாட்ச்மேன் முதல் பிரின்சிபால் வரை எல்லோருக்கும் நான் ‘பாய்’தான். போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். புதிதாக லேப் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு உபயோகப்படும் என்று இதை எழுதுகிறேன். நான் செய்த தவறுகளிலேயே பெரிய தவறு இது. அதனால்தான் இதை முதலில் எழுதுகிறேன்.

துறைத்தலைவர் ரவீந்திரன் சார் வந்து சிங்க்கை எட்டிப் பார்த்தார்.

“பாய், பத்து மணிக்கு பர்ஸ்ட் இயர் பிராக்டிகல். ஞாபகம் இருக்கா?”

“இருக்கு சார்.”

“உங்களுக்கு இருக்கு. தண்ணிக்கு இருக்கா?”

சாருக்குக் கோபம் வந்தால் இப்படித்தான், கேள்வியாகவே வரும். வண்டியூரிலிருந்து பிளம்பர் முத்திருளனை வரச் சொன்னேன். வந்தவர் லேப்புக்குப் பின்னால் இருந்த சேம்பர் மூடியை நெம்பித் திறந்தார். முழங்கை வரை கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். மூக்கருகே கொண்டுபோனார். விரலால் கிளறினார். பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“பாய், இது சாக்கடை இல்ல. ராமேஸ்வரம் கடற்கரை.”

“என்ன மாப்ள சொல்ற?”

“நீங்களே பாருங்க. அம்புட்டும் குட்டிக் குட்டிச் சிப்பி. லேப்புக்குள்ள நத்தைக் குழம்பு வச்சுத் தின்னுட்டு ஓட்டை இதுக்குள்ள போட்டீங்களா? உண்மையச் சொல்லுங்க, நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்.”

அந்தப் பிடி மண்ணை வாங்கி, குழாய்த் தண்ணீரில் அலசி, கை லென்ஸை வைத்துப் பார்த்தேன். எள் அளவு, கடுகு அளவு. மடித்துவைத்த சிப்பிகள், முறுக்கின சங்குகள். ஒவ்வொன்றும் வடித்தெடுத்த மாதிரி அத்தனை சுத்தம். லென்ஸைக் கீழே வைத்தேன்.

“அள்ளி எங்கிட்டு பாய் கொட்ட? குப்பையிலயா?” என்று கேட்டார் முத்திருளன்.

‘ஆமாம்’ என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். என்னைத் தவிர வேறு யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. “பக்கெட்டுல போடு” என்றேன். அது நல்ல மனசால் சொன்னதில்லை. பயத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

2. எந்தக் கடை முதலில் திறக்கும்?

பயம் ஏன் என்று தெரிய வேண்டுமானால் ஸ்டெல்லா டீச்சரைத் தெரிய வேண்டும். பழங்காநத்தத்தில் வீடு. ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர். நாற்பதைத் தாண்டிய பிறகு, பகுதி நேரமாக எங்கள் துறையில் பி.எச்.டி. பதிவு செய்தவர். சனிக்கிழமை மட்டும் வருவார். ஒரு கையில் திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டு, இன்னொரு கையில் டிபன் டப்பா, இரண்டையும் வைத்துவிட்டு மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தால் மாலை வரை நிமிர மாட்டார்.

அவருடைய ஆராய்ச்சி என்ன என்று முதல் நாளே கேட்டேன். நான் பத்தாவதுதான். ஆனால் கேட்காமல் இருக்க முடியாது எனக்கு. டீச்சர் என்னைத் தட்டிக்கழிக்கவில்லை.

“பாய், நம்ம பழங்காநத்தத்துல ஒரே நாள்ல எல்லாக் கடையும் மூடிருச்சுன்னு வைங்க. முக்கால்வாசிக் கடைக்காரங்க திரும்பி வரவே இல்ல. மறுபடி முதல்ல எந்தக் கடை திறக்கும்?”

“டீக்கடை.”

“அப்புறம்?”

“பக்கத்துலயே இன்னொரு டீக்கடை.”

“அம்புட்டுத்தான் என் தீசிஸ்,” என்றார்.

விஷயம் இதுதான். ஆறரைக் கோடி வருடத்துக்கு முன்னால் பூமியில் ஒரு பேரழிவு. டைனோசர் போனது அப்போதுதான். கடலுக்குள்ளும் அதே கதி. அரியலூர்ப் பக்கம் அந்தக் காலத்தில் கடல். இன்றைக்கு அங்கே சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள். தோண்டின சுவரில் அடுக்கடுக்காக அந்தக் கடலின் சிப்பிகள். அழிவுக்கு முன்னால் உள்ள அடுக்கில் உள்ளங்கை அகலச் சிப்பிகள் கிடக்கும். நான் அதற்கு ‘சப்பாத்தி’ என்று பெயர் வைத்திருந்தேன். சுருண்டு கிடக்கும் அம்மோனைட் என்ற கடல்பிராணியின் ஓட்டுக்கு ‘ஜாங்கிரி’. நீளமாக முறுக்கிய சங்குக்குத் ‘திருகாணி’. அழிவுக்குப் பிறகு ஜாங்கிரி உலகத்திலேயே கிடையாது. அந்தக் கடை மூடினது மூடினதுதான். மீதிப் பேர் எப்படித் திரும்பி வந்தார்கள், யார் முதலில், யார் கடைசியில், எவ்வளவு சீக்கிரம்? அதைத்தான் டீச்சர் தேடினார்.

சுரங்கச் சுவரில் கீழிருந்து மேலாகப் பன்னிரண்டு இடத்தில் களிமண் எடுத்துவந்தார். பன்னிரண்டு துணிப்பை. ஒன்று முதல் நான்கு வரை அழிவுக்கு முன்னால். ஐந்து முதல் மேலே எல்லாம் பின்னால். அந்த மண்ணைச் சலவைச் சோடா போட்டு ஊறவைத்துக் கழுவிச் சலித்துக் காயவைத்துக் கொடுப்பது என் வேலை. காய்ந்ததை மைக்ரோஸ்கோப்பில் வைத்துச் சிப்பி பொறுக்குவது அவர் வேலை.

ஒன்று முதல் நான்கு வரை ஏராளம். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நிறைய. நடுவில் ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, நான்கு பையிலும் ஒன்றுமில்லை. லேப் ரிஜிஸ்டரில் நான்தான் என் கையால் நான்கு முறை ‘இல்லை’ என்று எழுதினேன். டீச்சர் அதை வைத்து, கடல் நெடுங்காலம் காலியாகக் கிடந்தது, பிறகு திடீரென்று ஒரே மூச்சில் நிறைந்தது என்று தீசிஸ் எழுதிவிட்டார். வருகிற வெள்ளிக்கிழமை தல்லாகுளத்தில் பைண்டிங்குக்குக் கொடுக்க வேண்டும். மாதக் கடைசிக்குள் சமர்ப்பிக்க வேண்டும். இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. மூன்றாவது கிடையாது.

இப்போது ‘இல்லை’ என்று நான் எழுதின சிப்பிகள் சாக்கடையில் இருக்கின்றன.

3. சலித்தது

லேப்புக்கு வருவதற்கு முன் நான் கீழமாசி வீதிப் பக்கம் ஓர் அரிசிக்கடையில் இருந்தேன். அரிசிக்கடையில் சலித்தால் சல்லடைக்கு மேலே நிற்பது சரக்கு. கீழே விழுவது குருணை, தூசி, கோழிக்குப் போடுவது. ‘சலிச்ச அரிசி’ என்றால் மேலே நின்ற அரிசி. என் கை பழகினது அதைத்தான்.

இந்த லேப்பிலும் அந்தப் பழக்கம் ஒருநாளும் இடறவில்லை. முன்பு இருந்தவர்கள் எல்லோரும் மியூசியத்தில் வைப்பதற்குப் பெரிய பெரிய சிப்பியாகத்தான் கேட்டார்கள். மேலே நின்றதைக் கொடுத்தேன். கீழே போனதைச் சிங்க்கில் விட்டேன். யாரும் குறை சொல்லவில்லை.

டீச்சர் சொன்னது இதுதான்: “சலிச்சதை மட்டும் காயவச்சு எடுத்து வைங்க பாய்.”

எடுத்து வைத்தேன். மேலே நின்றதை.

ஆனால் டீச்சர் வீட்டில் சமைக்கிறவர். அவருக்குச் சலிப்பது என்றால் மாவு. ‘சலிச்ச மாவு’ என்றால் கீழே விழுந்த மாவு. மேலே நிற்பது கப்பி, அதை ஒதுக்குவார்கள். சாக்கடையைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது, அவர் கேட்டது கீழே விழுந்ததை! நான் கொடுத்தது கப்பியை! ஒரே சொல், ஒரே சல்லடை, ஒரே மதுரை. இரண்டு பேரும் சுத்தமான தமிழில்தான் பேசிக்கொண்டோம்.

கப்பியில் பெரிய சிப்பி கிடந்ததால் முதல் நான்கு பையில் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. அழிவுக்குப் பிறகு உயிரோடு மிஞ்சினதெல்லாம் பொடிசுகள். அத்தனையும் சல்லடைக் கண் வழியாக இறங்கிப் போய்விட்டன. அரிசி என்று அள்ளிப் பார்ப்பாரும் இல்லை, உமி என்று ஊதிப் பார்ப்பாரும் இல்லை என்பார்களே, அதை நான் வேலையாகவே செய்து சம்பளமும் வாங்கியிருக்கிறேன்.

அன்று மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். சோறு இறங்கவில்லை. என் மனைவி பாத்திமுத்து கேட்டாள்.

“என்னங்க, குழம்புல உப்பு இல்லையா?”

“எல்லாம் இருக்கு.”

“அப்ப உங்ககிட்டதான் ஏதோ இல்ல. சொல்லுங்க.”

சொன்னேன். அவள் ஜியாலஜி கேட்கவில்லை. “அந்தம்மாவுக்குத் தெரியுமா?” என்று மட்டும் கேட்டாள்.

“தெரியாது. வெள்ளிக்கிழமை பைண்டிங். இப்பச் சொன்னா அவங்க படிப்பே போயிரும். சொல்லாம விட்டா பட்டம் வாங்கிருவாங்க. யாருக்கு என்ன நட்டம்?”

“மறைச்சு வச்ச மீனு ரெண்டு நாள்ல தானாப் பேசும்ங்க,” என்றாள். “அப்ப அது உங்க குரல்ல பேசாது.”

கை கழுவிவிட்டு எழுந்தேன்.

4. வகுப்பறை வாசல்

பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டேன். மணி அடித்து, பிள்ளைகள் ஆறாய் வெளியே ஓட, டீச்சர் கையெல்லாம் சாக்பீஸ் தூளோடு வந்தார்.

“என்ன பாய் இம்புட்டுத் தூரம்? லேப் இடிஞ்சிருச்சா?”

“இடியல டீச்சர். அடைச்சிருச்சு.”

காகிதத்தில் மடித்துக் கொண்டுபோயிருந்த பொடியை அவர் உள்ளங்கையில் கொட்டினேன். முத்திருளன் அள்ளினதிலிருந்து நடந்த எல்லாவற்றையும் சொன்னேன். அரிசியும் மாவும் சொன்னேன். அவர் அப்படியே வராந்தாப் படியில் உட்கார்ந்துவிட்டார். அழப் போகிறார் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. பார்த்தால் சிரிப்பு.

“பாய், நாலு வருஷமா கப்பியைப் பாத்துக்கிட்டு மாவே இல்லன்னு எழுதிருக்கேன் பாய்!”

சிரித்து முடித்த பிறகுதான் அழுதார். அது கொஞ்ச நேரம். கண்ணைத் துடைத்தபோது முகமெல்லாம் சாக்பீஸ்.

“இந்தச் சாக்கடைப் பொடியை வச்சு எழுத முடியாதா டீச்சர்?”

“முடியாது பாய். இது எந்த அடுக்குல இருந்த சிப்பின்னு தெரியாது. அஞ்சா, ஆறா, எட்டா? பேரு இருக்கு, ஊரு இல்ல. ஊரு இல்லாத சிப்பி சாட்சி சொல்லாது.”

“அப்ப?”

“ரிசர்வ் இருக்குல்ல?”

ரவீந்திரன் சாரின் கட்டளை அது. எந்த மண் வந்தாலும் பாதியைத்தான் கழுவ வேண்டும். மீதியைப் பெயர்ச்சீட்டோடு கட்டி மாடிப்படிக்கு அடியில் வைக்க வேண்டும். ‘இடத்தை அடைக்குதே சார்’ என்று நானே எத்தனையோ முறை முணுமுணுத்திருக்கிறேன். அன்றிலிருந்து முணுமுணுப்பதை நிறுத்தினேன்.

ரிஜிஸ்டரில் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுகிறேன் என்று சொன்னேன். டீச்சர் எழுந்தே விட்டார்.

“கை வைக்காதீங்க. குறுக்க ஒரு கோடு போடுங்க, பக்கத்துல தேதி போடுங்க. ‘இல்லை’யை அடிச்சிட்டு ‘பார்க்கவில்லை’ன்னு எழுதுங்க. ரெண்டும் ஒண்ணு இல்ல பாய்.”

சாரிடம் இரண்டு பேரும் போய் நின்றோம். கேட்டுவிட்டு மேஜை மேல் இருந்த பேப்பர் வெயிட்டை இரண்டு முறை சுற்றினார்.

“பாய், முப்பது வருஷமா மேல நிக்கிறதைத்தான் எடுத்தீங்களா?”

“ஆமா சார்.”

“நான் அதைக் கேக்கவே இல்லையா?”

“இல்ல சார்.”

“அப்ப ரெண்டு பேரும் ஒரே சல்லடையிலதான் இருக்கோம். போய்க் கழுவுங்க.”

5. திருடன் வந்துட்டான்

டீச்சர் பள்ளியில் லீவு போட்டார். நான் இந்த முறை பழைய சல்லடைக்கு அடியில் மாவு சலிக்கிற அளவுக்கு மெல்லிய சல்லடை ஒன்றும் வைத்தேன். இரண்டு தட்டு வைத்தேன். ஒன்றில் ‘மேலே நின்றது’, இன்னொன்றில் ‘கீழே விழுந்தது’ என்று சீட்டு ஒட்டினேன். சலித்தது என்ற சொல்லையே லேப்பில் தடை செய்தோம். யாராவது வாய் தவறிச் சொன்னால் அவர் செலவில் எல்லோருக்கும் வடை. அதிகம் வடை வாங்கினது சார்தான்.

ஐந்தாம் பையை முதலில் திறந்தோம். டீச்சர் ஈரத் தூரிகை நுனியால் ஒவ்வொன்றாக எடுத்தார். எண்ணினார், எண்ணிக்கொண்டே இருந்தார்.

“பாய், இங்க வந்து பாருங்க. காலியாம்ல கடல்! நிக்க இடமில்ல.”

எட்டிப் பார்த்தேன். எள் மாதிரிச் சிப்பி, எக்கச்சக்கம். ஆனால் எல்லாமே இரண்டே ஜாதி. அதே முகம், அதே முகம்.

“டீக்கடைக்குப் பக்கத்துல டீக்கடை,” என்றேன்.

“அதேதான். போட்டிக்கு ஆள் இல்ல. கிடைச்சதைத் தின்னு, குட்டையா வளந்து, கூட்டமாப் பெருகிருச்சு.”

“இதுக குட்டிகளா டீச்சர்? வளந்தா பெரிசாயிருக்குமோ?”

“நல்ல கேள்வி. ஓட்டுல வளர்ச்சிக் கோடு இருக்கு, எண்ணுவோம். குட்டியா இருந்தா கோடு கொஞ்சமா இருக்கும். குள்ளமா இருந்தா கோடு நிறைய, ஓடு சின்னது.”

எண்ணினார். குள்ளம்தான். வயசான குள்ளம். ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும் என்கிறோமே, இது பூனையின் காலம்.

ஆறாம் பையில் மூன்றாவது ஜாதி ஒன்று வந்தது. ஏழில் என் திருகாணி, குண்டூசித் தலை அளவில். எட்டில் ஜாதி கூடியது, உடம்பும் கூடியது. மண்ணுக்குள் புதைந்து வாழ்கிறது, மேலே கிடக்கிறது, ஒட்டிக்கொண்டு இருக்கிறது என்று ஒவ்வொன்றும் தனக்கு ஓர் இடம் பிடித்துவிட்டது. திடீரென்று எதுவும் நடக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அந்த ஊர் தலையெடுத்திருக்கிறது.

எட்டாம் பையின் கடைசித் தட்டில் டீச்சர் ஒரு கூச்சல் போட்டார். பக்கத்து கிளாஸ் பிள்ளைகள் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள்.

“திருடன் வந்துட்டான் பாய்! திருடன் வந்துட்டான்!”

நான் கதவைப் பார்த்தேன். அவர் மைக்ரோஸ்கோப்பைக் காட்டினார். ஒரு சிப்பி ஓட்டில் கம்மல் ஓட்டை மாதிரி வட்டமாக ஒரு துளை. வேட்டைச் சங்கு ஒன்று துளைத்து உள்ளே இருந்ததை உறிஞ்சித் தின்ற தடம்.

“செத்தது சிப்பி, உங்களுக்கு என்ன இம்புட்டுச் சந்தோஷம்?”

“திருட வாரவன் ஒண்ணுமில்லாத ஊருக்கு வருவானா பாய்? இங்க தின்ன ஆள் இருக்கு, தின்ன வாரவனும் இருக்கான். ஊர் செழிச்சிருச்சு!”

மாதம் முடிய இரண்டு நாள் இருந்தபோது புதிய தீசிஸ் பைண்டிங் ஆகி வந்தது. முடிவுரை முழுவதும் தலைகீழ். கூடவே ஒரு புதிய அத்தியாயம். பெரிய கண் சல்லடையில் கிடைத்த கணக்கு ஒரு பக்கம், சின்னக் கண் சல்லடையில் கிடைத்த கணக்கு எதிர்ப்பக்கம். என் தவறை டீச்சர் மறைக்கவில்லை, அட்டவணை போட்டுவிட்டார்.

6. வைவா

சில மாதம் கழித்து வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த எக்ஸாமினர் கறாரான ஆள். டீயைக்கூட ஓர் ஓரமாகத் தள்ளி வைத்தார். நான் கதவோரம் நின்றேன். டீச்சர் பேசி முடித்ததும் அவர் முதல் கேள்வியே அங்கேதான் கேட்டார்.

“ஏம்மா, இந்த அத்தியாயத்தை எடுத்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. முதல்ல தப்பாக் கழுவுனதை எதுக்கு எழுதுனீங்க?”

நாலு வருட உழைப்பு அந்தப் பதிலில் தொங்கியது.

“எழுதலைன்னா, நாளைக்கு இந்த மண்ணைக் கழுவுறவங்க நான் முன்னாடி குடுத்த சினாப்சிஸ் சுருக்கத்தையும் பார்ப்பாங்க, இதையும் பார்ப்பாங்க. நான் பொய் சொன்னேன்னு நினைப்பாங்க சார். எழுதிட்டா, தப்புப் பண்ணேன்னு நினைப்பாங்க. எனக்கு ரெண்டாவது தேவல.”

அவர் பக்கத்தைத் திருப்பினார். “கழுவினது யார்?”

டீச்சர் கதவைப் பார்த்தார். நான் முன்னால் வந்தேன்.

“நான்தான் சார்.”

“தப்பாக் கழுவுனது?”

“அதுவும் நான்தான் சார்.”

“சரியாக் கழுவுனது?”

“எல்லாமே இந்தக் கைதான்.”

முதல் முறையாக அவர் சாய்ந்து உட்கார்ந்தார். “அதான் எனக்கு வேணும். ஒரே மண்ணு, ஒரே கை, மாறினது சல்லடை மட்டும். இனிமே யாராவது ‘அழிவுக்குப் பின்னாடி கடல் காலி’ன்னு எழுதினா, எந்தச் சல்லடைன்னு முதல்ல கேப்பேன். அந்தப் பழைய ரிஜிஸ்டர் இருக்கா?”

கொண்டுவந்து கொடுத்தேன். நான்கு கோடு, நான்கு தேதி, நான்கு ‘பார்க்கவில்லை’. அவர் அதைப் படித்து முடித்து, தள்ளி வைத்த டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். ஆறிப்போயிருக்கும்.

அரை மணி கழித்து ஸ்டெல்லா டீச்சர் டாக்டர் ஸ்டெல்லாவாக வெளியே வந்தார்.

லேப்புக்கு வருகிற பிள்ளைகளே, நான் உங்களுக்குச் சொல்வது இரண்டுதான். ஒரு வேலையைச் சொன்னால் ‘எப்படி’ என்று மட்டும் கேட்காதீர்கள், ‘எதுக்கு’ என்றும் கேளுங்கள். எதுக்கு என்று ஒருநாள் கேட்டிருந்தால், கோடிக்கணக்கான வருடம் பத்திரமாக இருந்ததை நான் அரை நிமிடத்தில் கழுவி விட்டிருக்க மாட்டேன். இரண்டாவது, தப்பாக எழுதின பக்கத்தைக் கிழிக்காதீர்கள். அன்று அந்த ஒரு தாளை நான் கிழித்துப் போட்டிருந்தால், டீச்சர் சொன்னதற்குச் சாட்சி என்று நீட்ட எங்களிடம் எதுவுமே இருந்திருக்காது.